தடையற்ற தற்சார்புக் குளியலறை: தென்சென்னையில் ஒரு வடிவமைப்பின் வரலாறு

தடையற்ற தற்சார்புக் குளியலறை என்பது சக்கர நாற்காலியில் வருபவரும், கைத்தடி ஊன்றி நடக்கும் முதியவரும், பார்வையற்றவரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தக்கூடிய குளியலறை, கழிவறை அமைப்பைக் குறிக்கும். தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியை மழையிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் பெற்று, குளித்த நீரை அந்த மனைக்குள்ளேயே மீண்டும் பயனாக்குவதும் இதன் இலக்கணம். ஆகவே தற்சார்பு என்ற சொல் இங்கே அறையைப் பயன்படுத்தும் மனிதருக்கும் பொருந்தும், அறையில் ஓடும் தண்ணீருக்கும் பொருந்தும்.

சென்னையில் இவ்விரு தேவைகளும் தனித்தனி வழிகளில் வளர்ந்தன. நீர்ச் சிக்கனத்தின் கதை மந்தைவெளியிலும் பெசன்ட் நகரிலும் நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டடங்களைப் பற்றிய பேச்சு கோட்டூர்புரத்தில் வலுப்பெற்றது. கணினியில் முப்பரிமாண மாதிரி அமைக்கும் கலை கிண்டி, அடையாறு பகுதிக் கல்வி நிறுவனங்களில் வேரூன்றியது. இந்த இடங்கள் எல்லாம் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்பவை. ஆயினும் ஒரு குளியலறைக்குள் அவை சந்திக்கும்போது ஒரு முரண்பாடு எழுகிறது. தண்ணீருக்காகக் கட்டுபவர் தரையில் ஏற்ற இறக்கம் கேட்கிறார், சக்கரத்துக்காகக் கட்டுபவர் சமதளம் கேட்கிறார்.

கொல்லைப்புறக் காலம்

மயிலாப்பூரின் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கிணற்றடி என்று வரிசையாகச் சென்று கொல்லையில் முடியும். அந்தக் கடைசி மூலையில் எடுப்புக் கக்கூஸ் இருக்கும். (கக்கூஸ் என்ற சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழிலும் அது வழங்குகிறது.) அதன் பின்னால் துப்புரவுத் தொழிலாளர் வந்து போக ஒரு சந்து. ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கொண்டு மனிதக் கழிவை அள்ளவைத்த அந்த முறையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் முடக்குவாதம் வந்த ஒருவர் கொல்லைக்குப் போவதென்றால் ஒவ்வொரு நிலைப்படியையும் தாண்ட வேண்டும், முற்றத்தில் இறங்கி ஏற வேண்டும், மழைநாளில் வழுக்கும் கிணற்றடியைக் கடக்க வேண்டும். கடைசியில் இருப்பது குந்தி உட்காரும் அமைப்பு. முடியாதவர்களுக்குப் படுக்கையருகே பாத்திரம் வைக்கப்பட்டது. அதை எடுத்துச் சுத்தம் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களே. குளியலறை வரலாற்றை எழுதுவோர் குழாயையும் பீங்கானையும் பற்றி எழுதும் அளவுக்கு இந்த உழைப்பைப் பற்றி எழுதுவதில்லை.

நகரின் நிலத்தடிக் கழிவுநீர் அமைப்பு, 1961இல் இருக்கக்கூடிய மக்கள்தொகையை முன்கூட்டிக் கணக்கிட்டு 1910இல் வடிவமைக்கப்பட்டது. பாதாளச் சாக்கடை வந்தபின் கழிவறை மெல்ல வீட்டுக்குள் நகர்ந்தது. அடுக்குமாடிகள் பெருகியபோது அது படுக்கையறையை ஒட்டியே அமைந்தது. வெஸ்டர்ன் கமோடு பரவியதும் மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் அதே அடுக்குமாடிகள் புதிய தடையையும் கொண்டுவந்தன. தண்ணீர் படுக்கையறைக்குள் வராமலிருக்கக் குளியலறைத் தரையை ஓரிரு அங்குலம் தாழ்த்தி, வாசலில் ஒரு கல் தடுப்பும் வைத்தார்கள். நடப்பவர் அதைக் கவனிப்பதே இல்லை. சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அந்தக் கல்லில் முட்டி நின்றுவிடும்.

தண்ணீரின் பக்கம்

இந்திய நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான திட்டக் கணக்கு. அதில் குளிக்க 55 லிட்டர், கழிவறை ஃப்ளஷ்ஷுக்கு 30, துணி துவைக்க 20. நான்கு பேர் உள்ள வீட்டில் குளித்த நீரும் துணி துவைத்த நீரும் சேர்ந்து நாளொன்றுக்கு 300 லிட்டர் வெளியேறும். அதே வீட்டின் ஃப்ளஷ்ஷுக்கு வேண்டியது 120 லிட்டர்தான். வேண்டியதைப் போல் இரண்டரை மடங்கு நீர் அடுத்த குழாய் வழியாக வெளியேறிக்கொண்டிருக்க, நன்னீரைக் கழிவறையில் ஊற்றுவது சென்னையின் அன்றாட வழக்கமாகிவிட்டது.

இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டியவர்களுள் ஒருவர் இந்துகாந்த் ரகடே. வேதியியலாளரான இவர், அலாக்ரிட்டி என்ற சென்னைக் கட்டுமான நிறுவனத்தோடு இணைந்து அடுக்குமாடி வளாகங்களில் நீர் மறுபயன்பாட்டை நடைமுறைப்படுத்தினார். வீட்டுக்காரர்களும் புரிந்துகொள்ளும்படி அதை நூலாகவும் எழுதினார். அவர் முறையில் இயந்திரம் எதுவும் இல்லை. குளித்த நீரும் துணி துவைத்த நீரும் (சாம்பல் நீர் என்று இன்று சொல்வது) கழிவறைக் குழாயிலிருந்து பிரிக்கப்பட்டு, கல்வாழை, வாழை போன்ற செடிகள் நட்ட பாத்திக்குச் செல்லும். மேல்மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சோப்பைச் சிதைக்கும். நீர் மண்ணில் இறங்கி ஆழமில்லாத கிணற்றை அடையும். அங்கிருந்து மறுபடி மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்படும்.

மழைநீரின் பக்கம் நின்றவர் சேகர் ராகவன். இயற்பியல் படித்த இவர் 1990களில் பெசன்ட் நகர்ப் பகுதியில் வீடு வீடாகச் சென்று மழைநீரைச் சேமிக்கச் சொன்னார். கேட்டவர்கள் குறைவு. 2002இல் மந்தைவெளியில் மழை மையம் திறக்கப்பட்டது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. எனவே 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழுகிறது. நால்வர் குடும்பத்தின் ஓராண்டு ஃப்ளஷ் தேவை 43,800 லிட்டர். ஆனால் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுவதால் தொட்டியில் சேர்த்து ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியாது. நிலத்தையே தொட்டியாக்க வேண்டும்.

நிலமும் எங்கும் ஒன்றல்ல. பெசன்ட் நகரின் கடற்கரை மணல் ஊற்றிய நீரைக் கண்ணெதிரே உறிஞ்சிவிடும். தியாகராய நகர் அப்படியல்ல. 1920களில் பழைய நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான பகுதி அது. ஏரிப் படுகையின் இறுகிய மண்ணில் நீர் மெதுவாகவே இறங்கும். அங்கே உறைகிணறு இறக்கி, களிமண் அடுக்கைத் தாண்டி நீரைக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். ஒரே குளியலறை வரைபடத்தை இரண்டு இடத்துக்கும் கொடுக்க முடியாது.

தண்ணீரே வேண்டாம் என்னும் வழியும் தமிழ்நாட்டில் முயன்று பார்க்கப்பட்டது. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தின் மராச்சி சுப்புராமன், மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் சூழல் கழிவறைகளைப் பரப்பினார். அங்கு அமைந்த பொதுக் கழிவறை, பயன்படுத்துவோருக்குச் சிறு தொகை கொடுத்ததால் புகழ்பெற்றது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நீர்மட்டம் மேலே இருக்கும் ஊர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் மலம் காய வேண்டிய அறைகள் நிலத்துக்கு மேலே இருப்பதால் கழிவறையும் மேலேறிவிடுகிறது. இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 1:12 என்ற விதிப்படி சாய்தளத்தின் நீளம் 9 மீட்டரைத் தாண்டும். மயிலாப்பூரின் எந்தக் கொல்லையில் அதற்கு இடம் இருக்கிறது?

சக்கரத்தின் பக்கம்

உடல்நிலை வேறுபட்டவர்களுக்கான கட்டட அளவுகள் முதலில் அமெரிக்காவில் 1961இல் தேசியத் தரநிலையாக வந்தன. 1963இல் பிரிட்டனில் செல்வின் கோல்ட்ஸ்மித் எழுதிய வடிவமைப்பு நூல் வெளியானது. 1966இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கீரா, குளியலறை மனித உடலின் அசைவுக்கு ஏற்ப அமையவில்லை என்பதை அளந்து காட்டி ஒரு தனி நூலே எழுதினார்.

சென்னையில் இதற்கான விதை பள்ளியில் விழுந்தது எனலாம். 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி பின்னர் வித்யா சாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் வளர்ந்தது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் பள்ளிக்கு வந்தால் கழிவறைக் கேள்வியும் கூடவே வந்துவிடும். வகுப்பறையில் இடம் கொடுத்தாலும், கழிவறைக்குப் போக முடியாத பிள்ளை தண்ணீர் குடிக்காமல் நாளைக் கழிக்க வேண்டியிருக்கும். மாற்றுத்திறனாளி உரிமைக் குரல்களில் கழிவறை இவ்வளவு முன்னே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் மத்தியச் சட்டம் வந்தது. 1998இல் மத்தியப் பொதுப்பணித் துறை தடையற்ற கட்டடங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. கழிவறையின் குறைந்த அளவு 1,500 × 1,750 மி.மீ., வெளிப்புறம் திறக்கும் 900 மி.மீ. கதவு, தரையிலிருந்து 500 மி.மீ. உயரத்தில் இருக்கை என்று அது கூறியது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட அளவுதான். ஆனால் கமோடு சுவரிலிருந்து ஏறத்தாழ 700 மி.மீ. முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். 1,750இல் அதைக் கழித்தால் மீதி 1,050 மி.மீ. கட்டட விதிகளில் சக்கர நாற்காலியின் நீளமாகக் கொள்ளப்படுவதும் அதே 1,050தான். ஆகவே நாற்காலி உள்ளே நுழையலாம், திரும்ப முடியாது. வந்த வழியே பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். நாற்காலி முழுவதும் திரும்ப 1,500 மி.மீ. விட்டமுள்ள வட்டம் தேவை. மத்திய அரசின் பிந்தைய வழிகாட்டி நெறிகளில் அறை அளவு 2,200 × 2,000 மி.மீ. ஆக வளர்ந்தது. பரப்பில் 2.6 சதுர மீட்டர் 4.4 ஆயிற்று. முதல் அளவைப் பார்த்துக் கட்டிய அலுவலகங்களில், கதவில் சக்கர நாற்காலிச் சின்னம் இருந்தாலும் உள்ளே திரும்ப இடமில்லாத கழிவறைகள் உருவானதில் வியப்பில்லை.

பொதுக் கழிவறைகளிலும் இரண்டு தேவைகள் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துபோனது உண்டு. 2014 முதல் சென்னை மாநகராட்சி நிறுவிய இ-டாய்லெட்டுகள் தானே நீர் விட்டுக் கழுவிக்கொள்ளும் எஃகுக் கூண்டுகள். நீர்ச் சிக்கனத்தில் அவை கெட்டிக்காரத்தனமானவை, ஆனால் அந்தக் குறுகிய கூண்டுக்குள் சக்கர நாற்காலி திரும்ப முடியாது. அதே காலத்தில் மாநில அரசு உருவாக்கிய நம்ம டாய்லெட் திட்டத்தில் சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும் உள்ள அறை, இயற்கை வெளிச்சம், காற்றோட்டம் எல்லாம் வரைபடத்திலேயே இருந்தன. பராமரிப்புதான் இரண்டு திட்டங்களுக்கும் பின்னால் பெரும் சோதனையாயிற்று.

திரையில் ஒரு குளியலறை

கணினியில் வரையும் கலைக்கு 1963இல் அமெரிக்காவின் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் முன்னோடி. 1982இல் ஆட்டோகேட் வந்தது. முப்பரிமாண மாதிரியை எளியவருக்கும் எட்டச் செய்தது 2000இல் வெளியான ஸ்கெட்ச்அப். 2006இல் கூகுள் அதை வாங்கி இலவசப் பதிப்பு வெளியிட்டபின், மாணவரும் சிறு ஒப்பந்தக்காரரும்கூட ஓர் அறையைத் திரையில் சுற்றிப் பார்க்க முடிந்தது.

இந்த அறைக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்? தாளில் வரைந்த தளவரைபடம் நீளத்தையும் அகலத்தையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. குளியலறையில் சண்டை எல்லாம் உயரத்தில்தான் நடக்கிறது. தரையின் வாட்டம், வாசல் தடுப்பு, கமோடின் உயரம், கழிவுக் குழாயின் சரிவு, வாஷ்பேசினுக்கு அடியில் முழங்கால் போகும் இடம் ஆகிய எவையும் தளவரைபடத்தில் தெரிவதில்லை.

சென்னை அடுக்குமாடிகளில் சாதாரணமான 5 × 8 அடிக் குளியலறையை எடுத்துக்கொள்ளலாம். 1,524 × 2,438 மி.மீ. கமோடைக் கடைசிச் சுவரில் வைத்தால் முன்னே 1,738 மி.மீ. மிஞ்சும். அகலம் 1,524. ஆக 1,500 வட்டம் அடங்கிவிடும் என்று தாள் சொல்லும். கமோடின் மையத்தைப் பக்கச் சுவரிலிருந்து 450 மி.மீ. தள்ளி வைத்தால், மறுபக்கம் நாற்காலி நிறுத்தி மாறி உட்கார ஏறத்தாழ 890 மி.மீ. கிடைக்கும். தேவை 900. கிட்டத்தட்ட சரி.

மாதிரியில் பூச்சையும் டைல்ஸையும் சேர்த்ததும் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு சுவரிலும் 30 மி.மீ. போனால் அகலம் 1,464. வட்டம் அடங்காது, பக்க இடமும் 830 ஆகிவிடும். செங்கல் வைக்கும் முன்பே இது தெரிந்தால் சுவரை மூன்று அங்குலம் தள்ளிக் கட்டச் சொல்லலாம். டைல்ஸ் ஒட்டியபின் தெரிந்தால் இடிப்பதைத் தவிர வழியில்லை. உள்ளே திறக்கும் கதவு இந்த வட்டத்தையே துடைத்துக்கொண்டு வரும் என்பதையும், கதவை அசைத்துக் காட்டும் மாதிரி ஒரு நொடியில் காட்டிவிடும்.

அடுத்தது வாட்டம். வாசல் தடுப்பை எடுத்துவிட்டால் நீரைத் தடுக்க வேண்டியது தரைச்சரிவுதான். நாற்காலி உருண்டு ஓடாதபடி 1:50க்கு மேல் சரிக்கக் கூடாது. எட்டடி நீளத்துக்கு அது ஏறக்குறைய 48 மி.மீ. இறக்கம். புதுக் கட்டடத்தில் குளியலறைத் தளத்தைச் சற்றுக் கீழே இறக்கி (கொத்தனார்கள் சங்கன் என்பது இதைத்தான்) இந்த இறக்கத்தை உள்ளுக்குள் அடக்கிவிடலாம். தளம் இறக்கப்படாத பழைய கட்டடத்தில் தரையை 50 மி.மீ. உயர்த்தினால், வாசலுக்கு வெளியே 600 மி.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். அது படுக்கையறைக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே விழுமா என்பதையும் மாதிரியில்தான் பார்க்க முடியும். சாம்பல் நீருக்கெனத் தனிக் குழாய் போடும்போது அதன் சரிவும் கழிவறைக் குழாயின் சரிவும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுமிடமும் அங்கே கண்ணில் படும்.

கைப்பிடிக் கம்பியை மறந்துவிடுவது வழக்கம். அமெரிக்க விதிப்படி அது 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் பிளாஸ்டிக் செருகி அடித்து மாட்டிய கம்பி, துண்டு தொங்கவிடப் போதும், விழப்போகும் மனிதரைத் தாங்காது. கம்பி வரும் இடத்தைச் சுவர் கட்டும்போதே மாதிரியில் குறித்து, அங்கே கான்கிரீட் நிரப்புவதே பாதுகாப்பு.

வெள்ளமும் உயரும் வாசற்படியும்

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. தாழ்வான வீடுகளில் சாக்கடை நீர் கழிவறை வழியாகவே மேலேறி வந்தது. தென்சென்னையில் வீடு கட்டுவோர் பேஸ்மட்டத்தை உயர்த்துவது அதற்கு முன்பே பழக்கம்தான். பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடுவதால் சாலை ஆண்டுக்காண்டு உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் விழுந்தன. புதிதாகக் கட்டியவர்கள் மூன்றடி, நான்கடி என்று ஏறினார்கள். ஒவ்வோர் அடிக்கும் சாய்தளத்தில் 12 அடி வேண்டும். நாலடிக்கு 48 அடி. பல மனைகளின் ஆழமே அவ்வளவுதான். வெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திய வீட்டுக்குள், தாத்தாவுக்காக எவ்வளவு அழகாகக் குளியலறை கட்டினாலும் அவர் வீட்டுக்குள் ஏறிவர வேண்டுமே.

2019 கோடையில் அதே நகரம் தண்ணீர் இல்லாமல் லாரிகளுக்குப் பின்னால் ஓடியது. நான்காண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும் வந்துபோன ஊரில், உயரத்தைத் தீர்மானிக்கும் கட்டட வரைஞரின் வேலை எளிதல்ல.

மாதிரியிலிருந்து சுவருக்கு

2021 ஏப்ரலில் சென்னை ஐஐடி வளாகத்தில், அதன் முன்னாள் மாணவர்களின் த்வஸ்தா நிறுவனம் கட்டிய 600 சதுர அடி வீடு திறந்துவைக்கப்பட்டது. கணினி மாதிரியையே வழித்தடமாகக் கொண்டு இயந்திரம் கான்கிரீட்டை அடுக்கடுக்காகப் பிதுக்கிக் கட்டிய முப்பரிமாண அச்சு வீடு அது. உள்ளே கூடாக இருக்கும் அதன் சுவர்களில் குழாய்களையும் மின்கம்பிகளையும் செலுத்தலாம். தனி நீர்க்குழாய் தேவைப்படும் குளியலறைக்கு இது பெரிய வசதி. கைப்பிடிக் கம்பிக்கு அதே கூடு எதிரி, ஆகவே அந்த இடங்களை மட்டும் நிரப்ப வேண்டும். அதே ஐஐடியின் டிடிகே மையம் சுஜாதா சீனிவாசன் தலைமையில் நாற்காலியின் பக்கமிருந்து இதே கேள்வியை அணுகியது. 2019இல் வெளியான அரைஸ் நாற்காலி, அமர்ந்திருப்பவரைத் தானே எழுந்து நிற்கச் செய்யும். பயனரின் உடல் அளவுக்குத் தைத்தாற்போல் நாற்காலி கிடைத்தால் அறையிலும் சில அங்குலங்கள் மிச்சமாகும்.

2022இல் காமராசர் சாலையில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வளாகத்தில், வித்யா சாகரின் பங்களிப்போடு மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் திறக்கப்பட்டது. வீட்டில் பயன்படும் உதவிக் கருவிகளை அங்கே தொட்டுப் பார்க்கலாம், பயன்படுத்தியும் பார்க்கலாம். திரையில் எவ்வளவு சுழற்றிப் பார்த்தாலும், நாற்காலியிலிருந்து கமோடுக்கு மாறும்போது கை எங்கே போகிறது என்பது உட்கார்ந்து பார்த்தவருக்கே தெரியும்.

சட்டத்தின் பக்கம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களைத் தடையற்றதாக்க ஐந்தாண்டுக் கெடு விதித்தது. விதிகள் வெளியானது 2017 ஜூன், கெடு முடிந்தது 2022 ஜூன். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் அளித்தது. அந்தக் கெடுவும் தீர்ப்பும் பொதுக் கட்டடங்களைப் பற்றியவை. அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கும் 5 × 8 அடி அறையை எப்படிக் கட்டுவது என்பது இன்னமும் வீட்டுக்காரரும் கட்டுபவரும் பேசி முடிவு செய்யும் விஷயமாகவே இருக்கிறது.